வெறுங்கால் அளவு

கால் அளவு எடுக்காமல் நான் யாருக்கும் வண்டிக்கு லெக் கார்டு வளைத்துக் கொடுத்ததில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் புளியமரத்தடியில் பாஷா பட்டறை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கவுஸ் பாஷா என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது, மற்றவர்களுக்கு நான் வெல்டிங் பாய். வண்டி சாய்ந்தால் எஞ்சினும் ஓட்டுகிறவன் காலும் ரோட்டில் தேயாமல் தாங்கிக்கொள்கிற இரும்புக்குழாய் வளையத்தைச் சிலர் லெக் கார்டு என்பார்கள், சிலர் கிராஷ் கார்டு என்பார்கள். பளபளவென்று சென்னையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடு என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் இருக்கிற கால் எல்லாம் ஒரே அளவா? உங்களுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது என்று என் மனைவி முன்னி பேகம் சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் என் கார்டால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று நானும் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வதை நிறுத்தி இப்போது நாலு வருஷம் ஆகிறது.

அது 2001 டிசம்பர். தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வாரம். ரம்ஜான் மாதமும் கூட, நான் நோன்பிலிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு ஒரு பழைய புல்லட்டில் புருஷனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவர் பெயர் அருணகிரி, தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை, நாற்பது வயது இருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி, தார் சுட்டாலும் முள் குத்தினாலும் வெறுங்கால். மாலை போட்டவர் யாரானாலும் சாமிதான். கூட வந்த மனைவி திரௌபதியும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்.

வண்டி, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பழைய மாடல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

“பொங்கல் முடிஞ்சதும் காசிக்குப் போறேன் பாய்” என்றார் அருணகிரி. “ரயில்ல இல்ல, இதுலயே. பதினஞ்சு வருஷமா யார் யாரோ எங்கெங்கயோ போடற லெட்டரப் பிரிச்சிக்கினே இருக்கேன். நாக்பூர், ஜபல்பூர்னு பின்கோடு தெரியும், ஊரு தெரியாது. ஒரு தபா கண்ணால பாத்துடணும்.”

“போவட்டும், நான் வேணாம்னு சொல்லல” என்றார் திரௌபதி. “ஆனா கார்டு மாட்டாம வண்டிய தெருவ தாண்ட வுட மாட்டேன்.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வண்டியோடு சாய்ந்தவர். பெரிய விபத்து எதுவும் இல்லை, மணலில் சறுக்கியதுதான். ஆனால் வண்டி இடது காலின் மேல் விழுந்து, விரல்கள் தாரில் நசுங்கின. சர்க்கரை உடம்பு, புண் ஆறவே இல்லை. ஆறாவது மாதம் ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார். இதை அவர் அழாமல், ஏதோ கடைக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் என்னவோ செய்தது.

சுவரில் மாட்டியிருந்த கார்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பெண்கள் பட்டறைக்கு வந்தால் வெளியே நிழலில் நிற்பார்கள். இவர் உள்ளே வந்து, குழாயை விரல் மடக்கித் தட்டி, சத்தத்தைக் கேட்டார். அருணகிரியின் கண் பளபளப்பாக மீசை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருந்த ஒரு ரெடிமேடு கார்டின் மேல்தான் இருந்தது. யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போனது அது.

“இது தகரம் சாமி” என்றேன். “விழுந்தா உங்களுக்கு முன்னாடி அது அழும்.”

“அப்ப எது போடலாம்?” என்றார் திரௌபதி.

ஒன்றேகால் இஞ்சுக் கனக் குழாயை எடுத்துக் காட்டினேன். உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, சூடு காட்டி வளைத்தால் மடிப்பு விழாது. வண்டிச் சட்டத்தோடு பற்றவைக்காமல் கிளாம்ப் போட்டு நட்டு மாட்டித்தான் முடுக்குவேன், அடி விழுந்தால் கார்டு வளையட்டும், சட்டம் வளையக் கூடாது. திரௌபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு மாற்றம் சொன்னார். வழக்கமாக என் கார்டின் கீழ்க்குழாய் முழங்காலுக்கு நேர் கீழே முடிந்துவிடும். அதைப் பின்னால் இழுத்து, கால்விரல்களுக்கு மேலே கூரை மாதிரி வரும்படி செய்ய முடியுமா என்று கேட்டார்.

அப்படி யாரும் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணனின் விரல்கள் ஞாபகம் வந்தது. செய்யலாம் என்றேன்.

சாமியை வண்டியில் உட்காரவைத்து அளவெடுத்தேன். இடது பாதம் பிரேக் மேல் இருந்தது. கம்பியை வளைத்து மாதிரி பிடித்து, விரல்களுக்கு மேலே என் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டேன். இரண்டு விரல்தான் என் கணக்கு, எல்லாருக்கும் அதுதான். மற்றவர்கள் செருப்போடு வருவார்கள், ஷூவோடு வருவார்கள், அதற்கு மேல் இரண்டு விரல் விடுவேன். இவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

தோன்றவில்லை என்று சொன்னால் நான் பொய்யன். தோன்றியது. காசி வரைக்கும் வெறுங்காலோடா ஓட்டப் போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். என் காலில் கிடந்த தோல் ஷூவை மாட்டச் சொல்லி அளந்தால் முடிந்தது. ஆனால் மாலை போட்டிருக்கிற சாமியிடம், ஒரு துலுக்கன், அதுவும் என் பழைய ஷூவில் காலை விடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் விரதம் அவருக்கு, என் நோன்பு எனக்கு. நான் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்து அவர்களும் தங்கள் பாட்டிலைத் திறக்காமல் பையிலேயே வைத்திருந்தார்கள். அந்த மரியாதைக்கு நடுவில் செருப்புப் பேச்சு எடுக்க வாய் வரவில்லை. மாலை கழற்றியதும் ஒரு முறை வரச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் திரௌபதி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். அவர் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர்.

“இடம் கம்மியா இருக்கிற மாதிரி தெரியுதே பாய். நாங்க துணியில உள்பக்கம் கொஞ்சம் புடிச்சு வுடுவோம், அப்புறம் வேணும்னா பிரிச்சுக்கலாம்னு. இதுல அப்படி ஜாஸ்தி வுட வேணாமா?”

நோன்பு, வெயில், பன்னிரண்டு மணி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“இது ஜாக்கெட் இல்லம்மா, இரும்பு. இருபத்திரண்டு வருஷமா இதான் என் அளவு. நீங்க ஊசிய பாத்துக்குங்க, நான் இத பாத்துக்கறேன்.”

அவர் நிமிர்ந்துகொண்டார். அருணகிரி சிரித்து மழுப்பினார். அதற்கப்புறம், மாலை கழற்றியதும் ஷூ போட்டுக்கொண்டு ஒரு முறை வாருங்கள் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்த அம்மாள் கேட்டது சரி என்று ஆகிவிடுமே. வாயை மூடிக்கொண்டேன். நாலு நாளில் வளைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, மாட்டியும் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தபோது புல்லட் சத்தம் கேட்டது. பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையும் கழுத்துமாக வண்டி வந்து நின்றது, பின்சீட்டில் திரௌபதி. என் கார்டில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அருணகிரி பேன்ட், ஜெர்கின், புது ஷூ என்று ஆளே மாறியிருந்தார். கணுக்கால் வரைக்கும் ஏறிய கனத்த ஷூ. ஆம்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியதாம், முனையில் இரும்புத் தகடு வைத்ததாம். காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

“உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் பாய்.”

நான் அந்த ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை அவர் நிறுத்தியபோதே ஒன்றைக் கவனித்திருந்தேன். இடது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்ற வேண்டும், சட்டென்று வரவில்லை. குதிகாலைப் பின்னால் இழுத்து, பாதத்தைத் திருப்பி, அப்புறம்தான் எடுத்தார். ஷூவின் முனை கீழ்க்குழாய்க்கு அடியில் செருகிக்கொண்டிருந்தது. நான் விட்ட இரண்டு விரலையும் அந்தத் தகடு விழுங்கிவிட்டிருந்தது.

இறங்குங்க சார், அரை மணி நேரம் கொடுங்க, கீழ்க்குழாயை அறுத்துத் தூக்கிவிடுகிறேன். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் பூஜை போட்டு, திருஷ்டி கழித்து, நல்ல நேரம் பார்த்துக் கிளம்பிய வண்டியை நிறுத்தி, குங்குமம் வைத்த கார்டை அறுப்பதா? அதைவிடத் தடை வேறென்ன வேண்டும், அந்தப் பயணமே நின்றுபோகும். இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாள் அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்கள நம்பித்தான் பாய் அனுப்பறேன்” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டு வண்டி செங்கம் பக்கம் போனது. பழகிவிடும், ஓட்டுகிறவன் கால் தானாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் வேறொரு புல்லட் ரிப்பேருக்கு வந்தது. மனசு கேட்காமல் ஒரு துண்டுக் குழாயை அதே உயரத்தில் கட்டி, என் தோல் ஷூவோடு உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். மெதுவாக மிதித்தால் கால் வந்தது. திடீரென்று அழுத்தினால் உடம்பு முன்னால் போகிறது, பாதமும் முன்னால் போகிறது, முனை குழாய்க்கு அடியில் ஆப்பு மாதிரி இறங்கிவிடுகிறது. அவசரத்தில் எடுக்க முடியவில்லை. ஐந்து முறை பார்த்தேன். மூன்று முறை மாட்டியது. என் ஷூவில் இரும்புத் தகடு கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பே கோபுரத் தெருவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். கூடத்தில் தையல் மெஷின், பக்கத்து ஸ்டூலில் பூவேலை செய்த துணி போர்த்திய டெலிபோன். சுவரில் ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கிற இந்திய மேப். பெங்களூரிலும் அனந்தபூரிலும் குண்டூசி குத்தியிருந்தது.

“தெனமும் ஏழு மணிக்கு எஸ்.டி.டி. பூத்லேர்ந்து பேசறேன்னிருக்காரு” என்றார் திரௌபதி. “இன்னிக்கு கர்நூல் போயிருப்பாரு. உக்காருங்க பாய், டீ போடறேன்.”

வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அண்ணன் போனதுலேர்ந்து இவரு வண்டி எடுத்தாலே எனக்குத் தூக்கம் வராது. நேத்து நைட்டு நானே ஆச்சரியப்பட்டேன், படுத்ததும் தூங்கிட்டேன். நீங்க போட்ட கார்டு மேல அப்படி ஒரு தைரியம் எனக்கு.”

டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? அம்மா, நீங்கள் அன்றைக்குக் கேட்டதுதான் சரி, நான்தான் எரிந்து விழுந்தேன், உங்கள் புருஷன் கால் அதில் மாட்டுகிறது என்றா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மெஷினுக்கு மேலே அண்ணனின் போட்டோ மாலை போட்டு மாட்டியிருந்தது. நான் சொன்னதும் இவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். என் பேர் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“கார்டு கெட்டியா இருக்கும்மா, பயப்படாதீங்க” என்றேன். “இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்.”

மணி ஏழாக இரண்டு நிமிஷம் இருந்தது. போன் வருவதற்குள் எழுந்துவிட்டேன். சைக்கிளைத் திருப்பும்போது உள்ளே டெலிபோன் மணி அடித்தது. நான் வேகமாக மிதித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வரும்போது விஷயம் தெரிந்தது. நாக்பூரைத் தாண்டி மலைப்பாதையில் முந்தின நாள் அருணகிரி விழுந்துவிட்டார். வேகமாகக்கூடப் போகவில்லையாம். வளைவில் எருமை குறுக்கே வந்திருக்கிறது, பிரேக் போட்டிருக்கிறார், வண்டி நின்றே விட்டது. நின்ற பிறகுதான் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. தபால் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் திரௌபதியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறினார்கள். இருபது நாள் கழித்து அவரைக் கூட்டி வந்தார்கள். இடது பாதத்தில் ஐந்து விரலும் இல்லை, அதற்குப் பின்னால் பாதத்திலும் கொஞ்சம் எடுத்துவிட்டிருந்தார்கள்.

நின்ற வண்டி ஏன் சாய்ந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையே இல்லை.

ஊர் வேறு விதமாகப் பேசியது. முழங்கால் தப்பித்தது பாய் போட்ட கார்டால்தான், எஞ்சினில் ஒரு கீறல் இல்லை, அது மட்டும் இல்லையென்றால் காலே போயிருக்கும் என்றார்கள். அருணகிரிக்குப் போட்ட மாதிரியே வேண்டும் என்று கேட்டு மூன்று பேர் வந்தார்கள். பைப் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். குழாய்க் கட்டு அவர்கள் கண்முன்னாலேயே சாய்ந்து நின்றது. ஒருவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. முன்னி பேகம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “உங்களத்தான் கேட்டாரு. நல்லாத்தான் பேசறாரு. நீங்க ஏன் போக மாட்டேங்கறீங்க?” என்று தினமும் பிடுங்கி எடுத்தாள். வேலை இருக்கிறது என்றேன். ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன். அதற்கப்புறம் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மார்ச்சில் ஒரு நாள், வெயில் ஏறிய நேரம், திரௌபதி பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. இரண்டு மாதத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்து பையிலிருந்து இடது கால் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முனையில் இரும்புத் தகடு உள்பக்கமாக மடங்கியிருந்தது. தோலின் மேல் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. என் பெயின்ட்தான்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் பாய். இந்த வேலை தெரிஞ்சவங்க யாராவது சொன்னாதான் எனக்கு ஆறும்.”

“கேளுங்கம்மா.”

“எரும வந்துச்சு, பிரேக் போட்டேன், வுழுந்துட்டேன், அவ்ளோதான்ங்கறாரு. வேற எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு. ஆனா எனக்குத் தெரியும் பாய். கர்நூல்லேர்ந்து போன் பண்ணப்பவே சொன்னாரு. ஷூ முனை கார்டுல இடிக்குது திரௌபதி, இங்க ஒரு பட்டறை இருக்குது, கார்ட அவுத்து ஊருக்குப் பார்சல் போட்டுடவான்னு கேட்டாரு.”

என் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“நான்தான் வேணாம்னேன். இப்பத்தான் பாய் வீடு தேடி வந்துட்டுப் போறாரு, கெட்டியா இருக்குது பயப்படாதீங்கன்னு அவர் வாயால சொல்லிட்டுப் போறாரு, அதுல ஒரு குறை இருந்தா சொல்லியிருக்க மாட்டாரான்னு கேட்டேன். காசி போய்த் திரும்பற வரைக்கும் அவுக்க மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணுங்கன்னேன். பண்ணாரு.”

அவர் ஷூவின் மேலிருந்த கறுப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது போகிற மாதிரி இல்லை.

“எனக்காகத்தான் எருமையச் சொல்றாருன்னு தோணுது. நைட்ல ரெண்டு மணி, மூணு மணிக்கெல்லாம் முழிச்சிக்கிறேன் பாய். எங்க அண்ணனுக்கு நடந்தது இவருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் எல்லாம் பண்ணேன். நானே கொண்டு போய் இவரு கால மாட்டி வுட்டுட்டேன். சொல்லுங்க. நான் அவுத்துடுங்கன்னு சொல்லியிருந்தா அவரு வெரலு இருந்திருக்குமா?”

எனக்கு முன்னால் இரண்டு பதில் இருந்தன. ஒன்று மிகவும் சுலபம். இல்லம்மா, அதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை, எருமைதான் காரணம் என்றால் போதும். வேலை தெரிந்தவன் சொல்கிறேன், நம்புவார். இன்றைக்கு ராத்திரி தூங்குவார். நானும் தூங்குவேன். புண்பட்ட மனசுக்கு மருந்து போட்ட மாதிரியும் இருக்கும், என் பேரும் கெடாது. ஆனால் அது அந்தக் கர்நூல் போனை அவர் நெஞ்சிலிருந்து எடுக்காது. இன்றைக்கு நம்பினாலும் பத்து நாள் கழித்து அந்தக் கறுப்புக் கோட்டை மறுபடியும் பார்ப்பார். அப்போதும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார். என்னை ஒருக்காலும் சொல்ல மாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“இருந்திருக்கும்மா” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆனா அது உங்களால இல்ல. கேளுங்க, நடுவுல எதுவும் சொல்லாதீங்க, நடுவுல நிறுத்தினா என்னால திரும்பச் சொல்ல முடியாது.” நின்றுகொண்டே சொன்னேன். “வெறுங்கால்ல அளவு எடுத்தது என் தப்பு. அப்பவே எனக்குத் தோணுச்சு. மாலை போட்ட சாமிய ஷூ போடச் சொல்றதான்னு வுட்டுட்டேன். நீங்க எடம் பத்தலன்னு கேட்டீங்க, சரியாத்தான் கேட்டீங்க, நான் எரிஞ்சு வுழுந்தேன். கெளம்பற அன்னிக்கு இந்த வாசல்ல அவரு கால் மாட்டறத என் கண்ணால பாத்தேன். பூஜை போட்ட வண்டிய எப்படி நிறுத்தறதுன்னு அப்பவும் வுட்டுட்டேன். அன்னிக்கு மத்தியானமே வேற வண்டியில உக்காந்து மிதிச்சுப் பாத்தேன். என் காலும் மாட்டுச்சு.”

பட்டறைக்கு வெளியே ஒரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

“அப்ப வீட்டுக்கு வந்தது?”

“அதச் சொல்லத்தாம்மா வந்தேன்.”

“டீ குடிச்சிட்டுப் போனீங்க.”

“ஆமா.”

“நீங்க வெளிய போன ஒடனே போன் வந்துச்சு பாய்” என்றார். குரல் ஏறவில்லை, கோபம்கூட அதில் இல்லை. “நீங்க சொல்லியிருந்தா நானே அவுக்கச் சொல்லியிருப்பேன்.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் நினைத்தேன். திரௌபதி அழுதார். அண்ணனைப் பற்றிச் சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அதில் என் மேலுள்ள வெறுப்பு எவ்வளவு, இரண்டு மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தேன். வாங்கிக் குடிக்கவில்லை, ஆனால் டம்ளரைத் தள்ளியும் விடவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அவருகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க பாய். நான் சொன்னா, என்னையே சமாதானம் பண்ணிக்கத்தான் சொல்றேன்னு நெனப்பாரு.”

“வர்றேம்மா.”

“இப்பவே வாங்க. நாளைக்குன்னா நீங்க வர மாட்டீங்க.”

என்னை அவர் அளந்துவிட்டிருந்தார். நான் கேஸ் சிலிண்டரை மூடி, சட்டையை மாற்றிக்கொண்டு, ஷட்டர் கொக்கியை எடுத்தேன். அவர் பை மட்டும் கையில் இருக்க வாசலில் நின்றார். ஷூ என் வேலை மேஜையின் மேல் இருந்தது.

“ஷூவ மறந்துட்டீங்கம்மா” என்றேன்.

“மறக்கல. இங்கயே இருக்கட்டும். இனிமே யாருக்காவது அளவு எடுக்கறப்ப இத மாட்டி வுட்டு எடுங்க. அவருக்கு இது வேணாம், இனிமே இந்தக் காலுக்குத் தனியா தைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

ஷட்டரை இழுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். பே கோபுரத் தெரு வரைக்கும் அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.